மானியப் பணமும் முத்திரையிட்ட உறையும்: அமெரிக்க ஊராட்சிகளின் கொள்முதல் வரலாறு

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. தன் பணத்தைச் செலவிடும்போது ஒவ்வொரு காசையும் எண்ணிப் பார்க்கும் மனிதன், பிறர் பணத்தைப் பரிமாறும்போது கை தாராளமாகி விடுகிறான். வீட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாட்டுக்கும் பொருந்தும். மத்திய அரசாங்கம் பணம் கொடுக்க, அதை ஒரு சிற்றூரின் மன்றம் செலவிடுமானால், அப்பணத்துக்குக் காவல் யார்? அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடி வரும் கேள்வி இது.

அமெரிக்காவில் இக்கேள்வி சிக்கலானதற்குக் காரணம் அந்நாட்டின் அரசியல் அமைப்பே ஆகும். 1787-ம் ஆண்டில் வகுக்கப்பட்ட அரசியல் சட்டம் மத்திய அரசாங்கத்தையும் மாநிலங்களையும் பற்றிப் பேசுகிறது. நகரங்களையும் ஊர்களையும் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நகராண்மைக் கழகங்கள் மாநிலங்களின் படைப்பு, மாநிலம் கொடுத்த அதிகாரமே அவற்றின் அதிகாரம் என்று 1868-ம் ஆண்டில் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் தீர்ப்பளித்தார். ஆகவே வாஷிங்டனிலுள்ள அரசாங்கம் ஒரு நகரத்துக்கு நேராகக் கட்டளையிடுவது எளிதன்று. ஆனால் பணம் கொடுக்கலாம். கொடுக்கும்போது நிபந்தனையும் விதிக்கலாம். கட்டளை நுழைய முடியாத வாயிலில் மானியம் நுழைந்தது. அதன் பின்னே விதிகள் நுழைந்தன.

நிலமாக வந்த மானியம்

1862-ம் ஆண்டில் நிறைவேறிய மோரில் சட்டம் இவ்வழியில் முக்கியமான முதற்படி எனலாம். உழவுத் தொழிலும் இயந்திரக் கலையும் பயிற்றும் கல்லூரிகளை நிறுவுவதற்காக, காங்கிரசில் ஒரு மாநிலத்துக்குள்ள ஒவ்வோர் உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர் வீதம் அரசாங்க நிலம் வழங்கப்பட்டது. அச்சட்டத்திலேயே நிபந்தனைகள் இருந்தன. நிலத்தை விற்று வரும் முதலைக் கட்டடங்களுக்குச் செலவிடக் கூடாது. முதலில் ஒரு பகுதி அழிந்தால் மாநிலமே அதை ஈடு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். எனினும் நிலத்தை என்ன விலைக்கு விற்பது என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. நிலச் சீட்டுகளைப் பெற்ற மாநிலங்கள் பல அவற்றை ஏக்கர் ஒன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக விற்றுத் தீர்த்தன. நியூயார்க் மாநிலத்திலோ எஸ்ரா கார்னெல் என்பார் அவசரப்படாமல் காத்திருந்து நல்ல விலை பெற வழி செய்தார். ஒரே சட்டம், ஒரே மானியம். ஆயினும் கையாண்டவரின் கைக்கேற்பப் பயன் வேறாயிற்று.

நியூயார்க் நீதிமன்றக் கட்டடம்

அதே காலத்தில் நகரங்களின் சொந்தப் பணம் எவ்வாறு போயிற்று என்பதற்கு நியூயார்க் மாவட்ட நீதிமன்றக் கட்டடமே சான்று. முதலில் அதற்கு ஒதுக்கப்பட்ட தொகை 2,50,000 டாலர். 1861-ம் ஆண்டில் வேலை தொடங்கியது. வில்லியம் டுவீட் என்ற கட்சித் தலைவரும் அவருடைய கூட்டாளிகளும் குத்தகையாளர்களோடு சேர்ந்து பொய்க் கணக்கு எழுதினர். இறுதியில் செலவு ஒரு கோடி டாலரையும் தாண்டியது. 1867-ம் ஆண்டில் அலாஸ்கா நிலப்பரப்பு முழுவதையும் அமெரிக்கா ரஷ்யாவிடமிருந்து வாங்கிய விலை 72 லட்சம் டாலர்தான் என்பதை நினைத்தால் இக்கொள்ளையின் அளவு விளங்கும். சுவர் பூசியவருக்கு இரண்டு நாள் வேலைக்கு 1,33,187 டாலர் கொடுத்ததாகக் கணக்கு இருந்தது. 1871-ம் ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அக்கணக்குகளை வெளியிட்டது. தாமஸ் நாஸ்டின் கேலிச் சித்திரங்கள் எழுத்தறியாதவருக்கும் அதை எடுத்துக் காட்டின. டுவீட் 1878-ம் ஆண்டில் சிறையிலேயே இறந்தார்.

இத்தகைய ஊழல்களிலிருந்து பிறந்த சீர்திருத்தமே முத்திரையிட்ட டெண்டர் முறை நகரங்களில் வேரூன்றக் காரணமாயிற்று. வேலை இன்னது என்று பகிரங்கமாக விளம்பரம் செய்வது, உறைகளைக் குறித்த நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் திறப்பது, தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலையைக் கொடுப்பது என்ற மூன்றும் சேர்ந்ததே அம்முறை. மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும்.

பாதிப் பணம், முழுக் கண்காணிப்பு

1913-ம் ஆண்டில் வருமான வரி விதிக்கும் அதிகாரம் மத்திய அரசாங்கத்துக்கு உறுதியாயிற்று. அதன்பின் மானியம் பெருகியது. 1916-ம் ஆண்டில் ஜனாதிபதி வில்சன் கையெழுத்திட்ட சாலை உதவிச் சட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு 7½ கோடி டாலர் ஒதுக்கியது. செலவில் பாதி வரையில் மத்திய அரசாங்கம் தரும். மறுபாதியை மாநிலம் தர வேண்டும். பணம் பெற விரும்பும் மாநிலம் ஒழுங்கான நெடுஞ்சாலை இலாகா ஒன்றை வைத்திருக்க வேண்டும். வரைபடங்களை மத்திய அரசாங்கத்துக்குக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். பிறர் நெய்யோடு தன் நெய்யையும் கலந்து பரிமாறச் செய்தால் கை சற்று இறுகும் என்பதே இதன் உட்பொருள்.

இது மாநில உரிமையில் கை வைப்பதாகாதா என்ற கேள்வி, தாய் சேய் நல மானியம் குறித்து எழுந்த வழக்கொன்றில் 1923-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. விரும்பாத மாநிலம் பணத்தை ஏற்காமல் விட்டு விடலாம், ஆகவே இதில் வற்புறுத்தல் இல்லை என்ற கருத்தோடு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. சட்டப்படி இது சரியே. ஆனால் பாலம் இடிந்து கிடக்கும் ஊர், பணம் வேண்டாமென்று சொல்லும் நிலையில் இருப்பதில்லை.

இக்கீஸ் காட்டிய கண்டிப்பு

1933-ம் ஆண்டில் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டியபோது, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பொதுப்பணி நிர்வாகம் என்ற அமைப்பை நிறுவினார். அதற்கென 330 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. உள்நாட்டு இலாகா மந்திரி ஹெரால்டு இக்கீஸ் அதன் தலைவரானார். பள்ளிக்கூடம், பாலம், குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்காக நகரங்களுக்குக் கடனும் மானியமும் நேராகச் சென்றன. டுவீட்டின் கதை மீண்டும் நடக்கக் கூடாது என்பதில் இக்கீஸ் மிகக் கண்டிப்பானவர். குத்தகைகளைத் துருவிப் பார்த்தார். விசாரணை அதிகாரிகளை அமர்த்தினார். அவர் நிர்வாகத்தில் பெரும் ஊழல் எதுவும் தலை தூக்கவில்லை. ஆனால் பணம் ஊர்களைச் சென்றடையத் தாமதமாயிற்று. வேலையற்றோர் காத்திருக்க முடியாதவர்களாய் இருந்தனர். அதனால் அதே ஆண்டின் இறுதியில் ஹாரி ஹாப்கின்ஸ் தலைமையில் வேறோர் அமைப்பு தோன்றிக் குத்தகையின்றி நேராகக் கூலி கொடுத்து, சில மாதங்களுக்குள் 40 லட்சம் பேருக்கு மேல் வேலையளித்தது. நாணயம் ஒரு பக்கம், வேகம் மற்றொரு பக்கம் என்ற இழுபறி அன்றே வெளிப்பட்டது.

விதியை ஆயுதமாக்கவும் முடியும் என்பதற்கும் அக்காலமே சான்று. நியூயார்க் நகரின் டிரைபரோ பாலத்துக்கு அந்நிர்வாகம் பெருந்தொகை வழங்கியிருந்தது. பால அமைப்பில் அங்கம் வகித்த ராபர்ட் மோசஸ் ரூஸ்வெல்ட்டுக்குப் பகைவர். நகரப் பதவி வகிப்பவர் அங்கத்தினராக உள்ள அமைப்புக்குப் பணம் கிடையாது என்று 1934-ம் ஆண்டு டிசம்பரில் 129-ம் எண் உத்தரவு பிறந்தது. பொது விதி போலத் தோன்றினாலும் அது குறி வைத்தது மோசஸ் ஒருவரையே. செய்தி வெளியானதும் பத்திரிகைகள் கொதித்தன. அடுத்த ஆண்டில் அரசாங்கம் பின்வாங்கியது. 1936-ம் ஆண்டு ஜூலை 11-ம் நாள் பாலம் திறக்கப்பட்டபோது, ஜனாதிபதியும் மோசசும் ஒரே விழாவில் கலந்து கொண்டனர்.

பல விதிகள் ஒன்றாயின

1960-ம் ஆண்டுகளில் ஜனாதிபதி ஜான்சனின் திட்டங்களால் மானியங்கள் நூற்றுக்கணக்காகப் பெருகின. ஒவ்வோர் இலாகாவும் தனக்கென ஒரு விதி வகுத்தது. வீட்டுவசதிப் பணத்தில் மேசை வாங்க ஒரு முறை, சுகாதாரப் பணத்தில் அதே மேசை வாங்க மற்றொரு முறை என்றாயிற்று. இக்குழப்பத்தைத் தீர்க்க 1971-ம் ஆண்டில் வரவு செலவு அலுவலகம் 'ஏ-102' என்ற சுற்றறிக்கையை வெளியிட்டது. உள்ளூர் முறைப்படியே வாங்கலாம், ஆனால் அம்முறை மத்திய அரசாங்கம் குறித்த தரத்துக்குக் குறையக் கூடாது என்பது அதன் சாரம். நேர்மாறான சோதனையும் நடந்தது. 1972-ம் ஆண்டில் ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்ட வருவாய்ப் பகிர்வுச் சட்டம், ஐந்து ஆண்டுகளில் 3,020 கோடி டாலரை மிகச் சில நிபந்தனைகளுடன் பகிர்ந்தளித்தது. அத்திட்டம் 1986-ம் ஆண்டோடு முடிவுற்றது. நிபந்தனை மானியமோ நிலைத்து நின்றது.

1984-ம் ஆண்டின் ஒரே கணக்காய்வுச் சட்டம், பல இலாகாக்கள் தனித்தனியே வந்து கணக்குப் பார்ப்பதற்குப் பதிலாக ஒரே கணக்காய்வு போதும் என்றது. 1988-ம் ஆண்டில் பொது விதி வந்தது. 2013-ம் ஆண்டு டிசம்பரில் வெளியாகி, ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த விதித் தொகுப்பு எல்லாவற்றையும் ஒன்றாக்கியது.

அத்தொகுப்பின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஏதோ ஒரு பழைய அனுபவம் நிற்கிறது. வேலையின் விவரக் குறிப்பை எழுதியவர் அவ்வேலைக்கு டெண்டர் கேட்கக் கூடாது. ஒரே கம்பெனியின் சரக்கைப் பெயர் சொல்லிக் கேட்டு, அதற்கு ஈடான வேறு சரக்கை மறுக்கக் கூடாது. செலவு எவ்வளவோ அதில் இத்தனை சதவீதம் இலாபம் என்ற குத்தகை அறவே கூடாது. ஏனெனில் செலவு ஏற ஏறக் குத்தகையாளரின் இலாபமும் ஏறும். போட்டியின்றி ஒருவரிடமே வாங்குவது, வேறு யாரும் இல்லாதபோதும், பொது மக்களுக்கு ஆபத்து நேர்ந்து காலம் கடத்த முடியாதபோதும், இவை போன்ற சில வேளைகளிலும் மட்டுமே செல்லும். சிறு கொள்முதலுக்கு விலைப்புள்ளி போதும். பெரிய கொள்முதலுக்கு முறையான போட்டி வேண்டும். இவ்விரண்டுக்குமான எல்லைகள் 2018-ம் ஆண்டில் 10,000 டாலராகவும் 2,50,000 டாலராகவும் உயர்த்தப்பட்டன.

இதிலும் ஒரு வேற்றுமை உண்டு. மாநில அரசாங்கம் மானியப் பணத்திலும் தன் சொந்தக் கொள்முதல் முறையையே பின்பற்றலாம். நகரமும் ஊரும் மாவட்டமும் மத்திய விதிகளை வரி வரியாகப் பின்பற்ற வேண்டும். சட்ட நிபுணர் பலரை வைத்திருக்கும் மாநிலத்துக்குச் சலுகை. ஒரே எழுத்தர் வரிக் கணக்கும் கூட்டக் குறிப்பும் கடிதப் போக்குவரத்தும் பார்க்கும் சிற்றூருக்குச் சுமை.

புயலுக்குப் பின் வரும் கணக்கு

இச்சுமை முழு வேகத்தில் அழுத்துவது பேரிடர்க் காலத்தில்தான். பேரிடர் உதவிச் சட்டப்படி தகுதியான செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் மத்திய அரசாங்கம் ஏற்கும். ஆனால் பல வேளைகளில் ஊர் முதலில் செலவு செய்கிறது. பணம் பின்னால் வருகிறது. கணக்காய்வு அதற்கும் பின்னால் வருகிறது. விதி மீறியதாகக் கண்டால், சாலை உண்மையிலேயே போடப்பட்டிருந்தாலும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

விதியைத் தளர்த்தினால் என்ன நேரும் என்பதற்கு 2017-ம் ஆண்டின் போர்ட்டோரிக்கோ சான்று. செப்டம்பர் 20-ம் நாள் மரியா புயல் அத்தீவைத் தாக்கி, தீவு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. அரசாங்க மின்சார நிறுவனம், மான்டானா மாநிலத்தில் புயல் நேரத்தில் இரண்டே முழுநேர ஊழியர்களைக் கொண்டிருந்த சிறு கம்பெனியுடன் 30 கோடி டாலர் குத்தகை செய்தது. செலவு, இலாப விவரங்களை மத்திய அரசாங்கமும் தணிக்கை செய்யக் கூடாது என்றொரு வாசகம் அதில் இருந்தது. இக்குத்தகைக்குத் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என்று மத்திய அவசரகால நிர்வாகம் அறிவித்தது. அக்டோபர் இறுதியில் குத்தகை ரத்தாயிற்று. நவம்பரில் நிறுவனத் தலைவர் பதவி விலகினார். இடையில் இருளில் தவித்தவர்கள் மக்களே. அவசரத்தில் விதியை விட்டதால் வேலை விரைவாகவில்லை. நம்பிக்கைதான் விரைவில் போயிற்று.

வரலாறு தரும் பாடம்

ஆனால் விதிகளைப் பெருக்குவதே மருந்தாகாது. இக்கீஸ் காலத்தில் நாணயம் காக்கப்பட்டபோது பசித்தவர் காத்திருந்தனர். 129-ம் எண் உத்தரவில் விதியே பகைக்குக் கருவியாயிற்று. வெள்ளம் வருமுன் அணை போடுவது போல, புயல் வருமுன்பே போட்டி முறையில் குத்தகையாளரைத் தேர்ந்து வைக்கும் ஊர்கள் வேகத்தையும் நாணயத்தையும் ஒருங்கே பெற முடிகிறது. அந்த ஆயத்தத்துக்கும் ஆள் வேண்டும், அறிவு வேண்டும். சிற்றூருக்கு மானியத்தோடு விதிப் புத்தகத்தை மட்டும் அனுப்பாமல், அதைப் படித்து நடத்தும் திறனையும் கொடுப்பதே நீதியாகும்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றனர் முன்னோர். அளப்பது வேண்டும், ஆனால் அளக்கும் மரக்கால் எளியவன் தூக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.