தோலுக்கடியில் 15 இலக்கம்

நாய்க்குத் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்பின் பூர்வீகம், அணுகுண்டு பிறந்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம். எந்த மாட்டுக்கு எவ்வளவு மருந்து போட்டோம் என்ற குழப்பம் தீர, 1970களில் அமெரிக்க வேளாண் துறைக்காக அங்கே பேட்டரி இல்லாத ரேடியோ அடையாளச் சிப்பை உருவாக்கினார்கள். பிறகு அது சிறுத்துச் சிறுத்து, கண்ணாடிக் குப்பிக்குள் புகுந்து, நாய்க்குட்டியின் தோலுக்கடியில் குடியேறியது. ஒரு கம்பெனியின் சிப்பை இன்னொரு கம்பெனியின் கருவி படிக்காத வம்பும் இருந்தது. 1996-இல் வந்த ஐஎஸ்ஓ தரம் அதற்கு முடிவுகட்டப் பார்த்தது: 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை, 15 இலக்க எண். அமெரிக்கா மட்டும் பழைய அலைவரிசைகளைப் பல வருஷம் விடவில்லை.

இன்று இங்கிலாந்தில் கால்நடை மருத்துவர் சிப் உறையைப் பிரித்தால் உள்ளே தடித்த ஊசி, அதன் துவாரத்துக்குள் அரிசிமணி போல ஒரு சிப், கூடவே அதே எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள். குத்துவதற்கு முன்பே கருவியால் எண்ணைப் படித்துப் பார்ப்பார். நாயின் உடம்பில் ஏற்கெனவே ஏதும் இருக்கிறதா என்றும் பார்ப்பார். பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கி ஒரே அழுத்து. ஒரு ஸ்டிக்கர் தடுப்பூசி அட்டையில் ஏறும்.

கருவி கிட்டே வந்தால் அதன் அலையிலேயே உயிர்பெற்று எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான் சிப். உரிமையாளர் பெயர் அதற்குத் தெரியாது. ஓடிப்போன நாய் எங்கே என்றும் காட்டாது. சிலசமயம் நகர்ந்து முன்னங்கால் பக்கம் இறங்கிவிடும். அதனால் அனுபவசாலிகள் முதுகோடு நிறுத்தாமல் தோள், விலா வரை கருவியை ஓட்டுவார்கள்.

எண்ணுக்கு ஆளைக் காட்டுவது பதிவேடு. 2016 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் குட்டிக்கு எட்டு வாரம் ஆவதற்குள் சிப் வைத்துப் பதிவதும் கட்டாயம். முதலில் ஏறுவது தாய்நாயை வளர்ப்பவர் பெயர். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கெடு கொடுத்தும் கேட்காவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம். ஆனால் பதிவேடு ஒன்றல்ல. இருபதுக்கும் மேல், ஆளுக்கொரு அமைப்பு நடத்துகிறது. எனக்கு இது அசட்டுத்தனமாகவே படுகிறது. நாயைக் கண்டெடுத்தவர் எண்ணை வைத்துக்கொண்டு முதலில் எந்தப் பதிவேடு என்று தேட வேண்டியிருக்கிறது. அங்கேயும் பழைய விலாசமே இருந்தால் கருவி பீப் அடித்தும் பயனில்லை. பொது இடத்தில் கழுத்துப்பட்டையில் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும் என்ற பழைய விதி இங்கிலாந்தில் இன்னும் நீடிப்பது நல்லதுதான்.

சென்னை மாநகராட்சியும் 2025-இல் வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கி, தவறினால் 5000 ரூபாய் அபராதம் என்றது. உங்கள் நாய்க்குப் போட்டாயிற்று என்றால், பதிவில் இருப்பது இப்போதைய போன் நம்பர்தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.