சிப்பி, சில்லு, சாம்பல்

வியாசர்பாடியில் நண்பர் ஒருவர் வீடு. அவருடைய அப்பா எழுபதுகளில் கட்டியது. போன மாதம் போயிருந்தபோது அடுப்பங்கரை மேடையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பச்சை சிமென்ட்டில் வெள்ளையும் கறுப்புமாகச் சில்லு பதித்த மொசைக் மேடை. சம்மட்டி இறங்கியதும் நண்பரின் அம்மா எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். நண்பருக்கோ உற்சாகம் தாங்கவில்லை.

"குவார்ட்ஸ் போடறோம்யா. பழைய பாட்டிலு, கண்ணாடி எல்லாத்தையும் அரைச்சுக் கலந்து பண்றானாம். ரீசைக்கிள்டு! சதுர அடி என்ன விலை தெரியுமா?"

விலையைச் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன். விலையைவிட இன்னொரு விஷயம்தான் உறுத்தியது. வாசலில் குவித்து வைத்திருந்தாரே, அந்த இடிபாடு? அதுவும் கழிவில் செய்த கல்தான். வீணாய்ப் போனதிலிருந்து வழவழப்பான மேடை செய்வது இத்தாலிக்காரன் கண்டுபிடித்து நமக்குக் கற்றுக்கொடுத்த வித்தை என்று நினைத்தால், ம்ஹும். இந்த ஊர் முந்நூறு வருஷமாக அதைச் செய்துகொண்டிருக்கிறது.

1730-களின் ஆரம்பத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஐசக் பைக். செயின்ட் ஹெலனா தீவின் கவர்னர். ஆமாம், பின்னாளில் நெப்போலியனைக் கொண்டுபோய் அடைத்தார்களே, அதே தீவு. கட்டுரையின் விஷயம்: மெட்ராஸில் உயர்தரமான காரை எப்படிச் செய்கிறார்கள்? படித்தால் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். சுண்ணாம்பும் மணலும் சேர்த்து ஊற விடு. வெல்லத்தைக் கரைத்துத் தெளி. பயறை வேகவைத்து வடிகட்டி ஊற்று. கடுக்காயைக் கொதிக்கவைத்து அதையும் ஊற்று. மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர். அப்புறம் கை ஓயும்வரை தேய்.

பளபளவென்று தேய்த்த அந்த மேல்பூச்சுக்குக் கல் சுண்ணாம்பு சரிப்படாது. கிளிஞ்சல் சுண்ணாம்புதான் வேண்டும். அதாவது, உள்ளே இருந்த உயிர் போய், கழிமுகத்திலும் ஏரியிலும் படிந்து கிடந்த சிப்பி ஓடு. அதை வாரி, காளவாயில் சுட்டு, நீற்றி, அரைத்துச் சுவரில் பூசினால் பளிங்கு தோற்றது. 1780 வாக்கில் இங்கே வந்து இறங்கிய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், மெட்ராஸின் தூண் வரிசைகளைப் பார்த்துவிட்டு, ஏதோ பழைய கிரேக்க நகரத்துக்கு வந்துவிட்டது போல எழுதிவைத்தார். அவர் பார்த்தது செங்கல் தூணின் மேல் பூசிய சுண்ணாம்பு.

பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து சிப்பி எப்படி வந்தது? பிற்பாடு அதற்கு ஒரு தண்ணீர்ப் பாதை கிடைத்தது. எண்ணூர் வரைக்கும் கோக்ரேன் வெட்டிய கால்வாய் 1806-ல் முடிந்தது. அதுவே நீண்டு, 1878-ல் பக்கிங்காம் கால்வாய் என்று பேர் மாறியது. விறகு, உப்பு, சிப்பி என்று படகு படகாக வந்தன. வியாசர்பாடி வழியே ஓடும் கேப்டன் காட்டன் கால்வாய் அந்தக் கால்வாயில்தான் போய்ச் சேருகிறது. இன்றைக்கு அதன் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க முடியும்.

சிமென்ட் வந்தது, சுண்ணாம்பு போயிற்று. அந்த இடத்துக்கு மொசைக் வந்தது. வெனிஸ் பக்கத்து வேலைக்காரர்கள், பணக்கார மாளிகைகளில் மிஞ்சிய பளிங்குச் சில்லை எடுத்துவந்து தங்கள் வீட்டுத் திண்ணையில் பதித்துக்கொண்டார்கள். அதுதான் டெராஸோ. நம் ஊரில் அதற்கு மொசைக் என்று பேர் விழுந்துவிட்டது. பளிங்கு அறுக்கிற இடத்தில் உடைந்து விழுந்ததைச் சிமென்ட்டோடு கலந்து கொட்டுவார்கள். நாள்கணக்கில் தண்ணீர் கட்டி இறுகவிடுவார்கள். அதற்கு அப்புறம்தான் நிஜமான வேலை. முதலில் சொரசொரப்பான கல், பிறகு நைஸான கல், அதைவிட நைஸ். நடுவில் தெரியும் பொத்தல்களைச் சிமென்ட் பாலால் அடைக்க வேண்டும். கடைசியில் ஆக்சாலிக் ஆசிட். தரையென்றால் மெஷின் ஓடும். மேடைக்கு, அதுவும் விளிம்புக்கு, கைதான்.

தேய்க்கிற கல்லுக்கு நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. 1954-ல் தொடங்கிய கார்பரண்டம் யுனிவர்சல் தொழிற்சாலை இருப்பது திருவொற்றியூரில். கார்பரண்டம் என்பதே மணலையும் கரியையும் மின்சார உலையில் போட்டுக் காய்ச்சிய சரக்கு. 1891-ல் ஆச்செசன் என்ற அமெரிக்கர் செயற்கை வைரம் செய்யப் போய்த் தற்செயலாகக் கிடைத்தது.

மொசைக் மேடை ஏன் தோற்றது? நம்முடைய புளியும் எலுமிச்சையும்தான் காரணம். பளிங்கையும் சிமென்ட்டையும் புளிப்பு அரித்துவிடும். ரசம் வைத்த இடத்தில் வட்டம் விழும். கிரானைட் அதற்கெல்லாம் அசையாது. தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு கறுப்புக் கிரானைட் ஏறியது. இப்போது குவார்ட்ஸ்.

இந்தக் குவார்ட்ஸ் விஷயத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வழக்கமான குவார்ட்ஸ் பலகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கும் அதற்கு மேலும் குவார்ட்ஸ் தூள், மிச்சம் பிசின். கிரானைட்டில் அந்தப் படிகச் சிலிக்கா பாதிகூட இருக்காது. பளிங்கில் மிகக் குறைவு. பலகையைத் தண்ணீர் விடாமல் அறுத்தால் கிளம்பும் தூசி நுரையீரலின் அடி வரைக்கும் போய்த் தழும்பாகிறது. பேர் சிலிக்கோசிஸ். மருந்து கிடையாது. 2012-ல் இஸ்ரேல் மருத்துவர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நுரையீரல் மாற்று சிகிச்சைக்கு அவர்களிடம் வந்து சேர்ந்த செயற்கைக்கல் தொழிலாளிகள் 25 பேர். ஆஸ்திரேலியா பொறுத்துப் பார்த்துவிட்டு, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. வேறெந்த நாடும் அதற்குமுன் அப்படிச் செய்யவில்லை.

பழைய கண்ணாடி கலந்தால் இந்தச் சிக்கல் குறையும். கண்ணாடியிலும் சிலிக்கா உண்டு, ஆனால் படிகமாக இல்லை. அதற்காகத் தூசியை முழுங்கலாம் என்று அர்த்தமில்லை. எவ்வளவு கண்ணாடி, எவ்வளவு குவார்ட்ஸ் என்று கடைக்காரரைக் கேளுங்கள். 'ரீசைக்கிள்டு' என்ற ஒரு வார்த்தையில் பதில் முடியக்கூடாது.

பிசினே இல்லாமல், கண்ணாடிச் சில்லைச் சிமென்ட்டில் போட்டு மொசைக் மாதிரியே செய்கிற மேடையும் அமெரிக்காவில் உண்டு. ஒரு தொல்லை. சிமென்ட்டின் காரம் கண்ணாடியைத் தின்னும். பசை மாதிரி ஒன்று உண்டாகி, ஈரத்தில் ஊதி, மேடை வெடிக்கும். அதைத் தடுக்க ஒரு வழி, சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அனல் மின்நிலையச் சாம்பலைச் சேர்ப்பது. சாம்பலா? எண்ணூர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். பழைய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017-ல் மூடப்பட்டாலும், வடசென்னை மின்நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றைத் தூர்த்த கதையைச் சொல்லுவார்கள். சிப்பி இருந்த கழிமுகத்தில் இப்போது சாம்பல். மேடைக்குப் போக வேண்டியது மீன்காரர் வலையில் ஏறுகிறது.

மறுபடி வியாசர்பாடி. மொசைக் இடிபாட்டை ஏற்ற குட்டியானை வந்து நின்றது. எங்கே போகும் என்று கேட்டேன். "இன்னா சார், கொடுங்கையூர் தாண்டி எங்கனா" என்றார் டிரைவர். ஒரு கைப்பிடித் துண்டை எடுத்துவைத்துக்கொண்டேன். உடைந்த பக்கம் வெறும் சிமென்ட். தேய்த்த பக்கம் ஐம்பது வருஷத்துக்கு அப்புறமும் வழவழ.

சிங்க் வைக்கப் புதுப் பலகையில் ஓட்டை போடுவதற்கு மாடியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கட்டர் கத்துகிறது. தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. மூக்கில் கைக்குட்டை. நிறுத்தச் சொல்லிவிட்டு, "தண்ணி ஊத்திக்கிட்டு அறுக்கக்கூடாதாப்பா?" என்றேன்.

"ஊத்தலாம் சார். சேறாவுதுன்னு வீட்டுக்காரங்க திட்டுவாங்க."

நண்பர் கீழே போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். அவருடைய அம்மா இன்னொரு வாளி.