டெபியன் சமூக ஒப்பந்தம்

டெபியன் இயங்குதளத்தை உருவாக்கிவரும் தன்னார்வலர்கள் 1997 ஜூலை 5 அன்று ஏற்றுக்கொண்ட ஐந்து அம்ச அறிக்கையே டெபியன் சமூக ஒப்பந்தம். எதற்காகக் கூடியிருக்கிறோம், எதைச் செய்வோம், எதைச் செய்யவே மாட்டோம் என்பதை ஒரு மென்பொருள் குழு தன் பயனர்கள் முன்னால் எழுதி வைத்த முன்னோடி ஆவணங்களில் இது ஒன்று. நிதானமாக வாசித்தாலும் ஐந்து நிமிடம் ஆகாது. அந்தச் சில பத்திகளின் மேல் டெபியன்காரர்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாதாடி வருகிறார்கள்.

டெபியனைத் தொடங்கியவர் இயன் மர்டாக். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1993 ஆகஸ்ட் 16 அன்று திட்டத்தை அறிவித்தார். அப்போது புழக்கத்தில் இருந்த எஸ்.எல்.எஸ். என்ற லினக்ஸ் தொகுப்பில் வழுக்கள் மலிந்து கிடந்தது அவருக்கு எரிச்சலூட்டியது. லினக்ஸ் கருவைப் போலவே அதைச் சுற்றிய தொகுப்பையும் பலர் கூடி, எல்லாருக்கும் தெரியும்படி உருவாக்க வேண்டும் என்று ஒரு கொள்கை விளக்கம் எழுதினார். தெளிவான எழுத்துதான், ஆனாலும் அது ஒருவருடைய எழுத்து. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனு அறிக்கையும் அந்த வகையே. தனிமனிதர் தன் கனவைச் சொல்லி, உடன்படுவோரைத் துணைக்கு அழைத்தது அது. 1996இல் மர்டாக் தலைமைப் பொறுப்பை புரூஸ் பெரன்சிடம் ஒப்படைத்தார். தொடங்கியவர் விலகிய பிறகு, ஒருவரையொருவர் நேரில் பார்த்தே இராத பங்களிப்பாளர்களைச் சேர்த்துப் பிடிக்க அவருடைய கொள்கை விளக்கம் மட்டும் போதாது.

ஒப்பந்தம் என்ற யோசனையைத் தந்தவர் டெபியன் பங்களிப்பாளர் ஈன் ஷூஸ்லர். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் பாப் யங்கிடம் ஒரு மாநாட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, நிறுவனம் எவ்வளவு வளர்ந்தாலும் கட்டற்ற மென்பொருளைக் கைவிடாது என்று எழுத்தில் உறுதி தரலாமே என அவர் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. அப்படி எழுதிக்கொடுத்தால் வருவாய் ஈட்டும் வழிகள் அடைபட்டுவிடும் என்று யங் தயங்கினாராம். வணிக நிறுவனத்துக்கு அந்தத் தயக்கம் நியாயமானதே. விற்பனைக்குச் சரக்கே இல்லாத டெபியனுக்கோ அப்படி ஒரு வாக்கைத் தருவதில் இழப்பு எதுவும் இருக்கவில்லை. பெரன்ஸ் வரைவு எழுதினார். 1997 ஜூன் மாதம் முழுவதும் உருவாக்குநர்கள் மின்னஞ்சல் வழியே அதை விவாதித்துச் செப்பனிட்டார்கள். முதலில் ஒருவர் எழுதி, பிறகு பலர் அடித்துத் திருத்தும் இந்த முறைதான் இத்தகைய அறிக்கைகளுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. எல்லாரும் சேர்ந்து முதல் வரியிலிருந்தே எழுதத் தொடங்கினால், பெரும்பாலும் யாரையும் உறுத்தாத வெற்று வாசகங்களே மிஞ்சும்.

ஐந்து அம்சங்களில் முதலாவது, டெபியன் 100 சதவீதம் கட்டற்றதாகவே இருக்கும் என்கிறது. இரண்டாவது, தாங்கள் எழுதுவதையும் திருத்துவதையும் கட்டற்ற மென்பொருள் சமூகத்துக்கே திருப்பித் தருவதாக உறுதி கூறுகிறது. மூன்றாவதன்படி, குறைகள் மறைக்கப்படா. வழுப் பட்டியல் எப்போதும் பொதுப்பார்வைக்குத் திறந்திருக்கும். நான்காவது, பயனர்களும் கட்டற்ற மென்பொருளுமே தங்கள் முதன்மை என்று அறிவிக்கிறது. ஐந்தாவது, தங்கள் தரத்துக்கு உட்படாத மென்பொருள்களும் சில பயனர்களுக்குத் தேவைப்படுகின்றன என்று ஒப்புக்கொண்டு, டெபியனின் பகுதியாக அல்லாமல் தனிப் பிரிவில் அவற்றை வைத்திருக்க இடம் தருகிறது.

நான்காவது அம்சம் விநோதமானது. பயனர் நலனும் கட்டற்ற கொள்கையும் மோதினால் எது முந்தும் என்று அது சொல்வதில்லை. இதை நழுவல் என்று குறை கூறலாம். ஆனால் பின்னர் நடந்த பெரிய விவாதங்கள் பலவும் இந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் நடந்தன. இரு தரப்பும் அதையே மேற்கோள் காட்டின. ஒன்றை மற்றதற்குக் கீழே வைத்திருந்தால் ஒரு தரப்பு அன்றே வெளியேறியிருக்கக்கூடும்.

‘கட்டற்றது’ என்றால் என்ன என்று வரையறுக்காமல் முதல் அம்சத்துக்குப் பொருள் கிடையாது. ஆகவே ஒப்பந்தத்தோடு வழிகாட்டு நெறிகளும் இணைக்கப்பட்டன. மூல நிரல் கிடைக்க வேண்டும், மாற்றிப் பகிர அனுமதி வேண்டும், எந்த மனிதருக்கோ குழுவுக்கோ எதிராக உரிமம் பாகுபாடு காட்டக்கூடாது, எந்தத் துறையிலும் பயன்படுத்தத் தடை கூடாது, டெபியனுக்கு மட்டுமான உரிமமாக இருக்கக்கூடாது என்று அவை அடுக்குகின்றன. 1998 பிப்ரவரியில் பெரன்சும் எரிக் ரேமண்டும் திறமூல முன்முயற்சி அமைப்பைத் தொடங்கியபோது, இதே நெறிகளிலிருந்து டெபியனின் பெயரை மட்டும் நீக்கித் திறமூல வரையறையாக்கினார்கள். ஓர் உரிமம் திறமூலமா இல்லையா என்று இன்று உலகெங்கும் உரசிப் பார்ப்பது, ஒரு தன்னார்வக் குழு தன் வீட்டு உபயோகத்துக்கு எழுதிய இந்த நெறிகளை வைத்துத்தான்.

ஆவணத்துக்குப் பல் முளைத்தது அதன் பிறகே. 1998 டிசம்பரில் டெபியன் தனக்கென ஓர் அமைப்புச் சட்டத்தை ஏற்றது. 2003இல் அது திருத்தப்பட்டு, சமூக ஒப்பந்தமும் வழிகாட்டு நெறிகளும் ‘அடிப்படை ஆவணங்கள்’ ஆயின. அவற்றை மாற்ற வேண்டுமானால் எதிர்ப்போரைப் போல மூன்று மடங்கு பேர் ஆதரிக்க வேண்டும். உறுப்பினராகச் சேர விரும்புபவர் இரண்டையும் ஏற்பதாகச் சொன்னால் போதாது. அவற்றைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதைக் கேள்விகளுக்குப் பதிலளித்துக் காட்டவும் வேண்டும்.

மூன்றாவது அம்சத்துக்குக் கடுமையான சோதனை 2008இல் வந்தது. மறையாக்கச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில், சோதனைக் கருவி ஒன்று காட்டிய எச்சரிக்கையைப் போக்குவதற்காக 2006இல் டெபியன் தரப்பில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டிருந்தன. அதனால் தற்செயல் எண்கள் தற்செயலாக இல்லாமல் போயின. ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000 சாவிகளே சாத்தியம் என்னும் அளவுக்குச் சுருங்கின. யாரும் ஊகித்துத் திறக்கலாம் என்ற நிலை. தவறு தங்களுடையது என்பதையும், பழைய சாவிகளை உலகெங்கும் தூக்கியெறிய வேண்டும் என்பதையும் 2008 மே 13 அன்று டெபியனே அறிவித்தது. அவமானம் சிறிதல்ல, ஆனாலும் அதன் வரலாறு இன்றும் பொதுவில் கிடக்கிறது.

2004இன் சண்டை வேறு ரகம். முதல் அம்சத்தின் பழைய வாசகம் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று சொன்னது. அப்படியானால் கையேடுகளும் எழுத்துருக்களும், வன்பொருளுக்குள் ஏற்றப்படும் நிரலான ஃபர்ம்வேரும் மென்பொருளில் சேர்த்தியா? ‘பதிப்புத் திருத்தம்’ என்ற அடக்கமான தலைப்பில் ஏப்ரலில் நிறைவேறிய தீர்மானம், டெபியனின் எல்லாக் கூறுகளும் கட்டற்றவையாக இருக்க வேண்டும் என்று வாசகத்தை மாற்றியது. அப்போது வெளியீட்டு மேலாளராக இருந்த ஆன்டனி டவுன்ஸ் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். இதன்படி அடுத்து வரவிருந்த ‘சார்ஜ்’ பதிப்பிலிருந்து ஏராளமான ஆவணங்களையும் ஃபர்ம்வேரையும் அகற்றியாக வேண்டும், வெளியீடு தள்ளிப்போகும் என்றார். பலர் திகைத்தார்கள். மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. திருத்தத்தை நிறுத்தி வைத்து, சார்ஜ் வெளிவந்த கையோடு நடைமுறைக்குக் கொண்டுவருவது என முடிவாயிற்று. 2005 ஜூன் 6 அன்று சார்ஜ் வந்தது. கட்டற்றதல்லாத தனிப் பிரிவை அடியோடு ஒழிக்க வேண்டும் என்ற முன்மொழிவும் அதே 2004இல் வாக்குக்கு வந்து தோற்றது. அந்தப் பிரிவு டெபியனின் சேவையகங்களில் இருப்பதைக் காரணம் காட்டியே, ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை டெபியனைத் தன் பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

நிறுவனங்கள் எழுதும் குறிக்கோள் வாசகங்களுக்கு இத்தகைய விபத்துகள் நேர்வதில்லை. அவற்றை நம்பி யாரும் எதையும் நிறுத்துவதில்லை என்பதுதான் காரணம். மொசில்லா 2007இல் வெளியிட்ட பத்துக் கொள்கைகள் கொண்ட அறிக்கை நல்ல நோக்கம் உடையதே. ஆனால் ஒரு ஃபயர்பாக்ஸ் பதிப்பைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அது இறுக்கமானதல்ல.

ஃபர்ம்வேர் பிரச்சினை ஓயவில்லை. புதிய மடிக்கணினிகளில் வைஃபைக்கும், சிலவற்றில் திரைக்கும்கூட, தயாரிப்பாளரின் மூடிய ஃபர்ம்வேர் இன்றியமையாததாகிவிட்டது. அதிகாரபூர்வ நிறுவியில் அது இல்லாததால், பயனர்கள் ஒதுக்குப்புறமான ஓர் இணைப்பில் கிடைத்த அதிகாரபூர்வமற்ற நிறுவியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பார்வையற்றோர் நிறுவும்போது ஒலிக்கே ஃபர்ம்வேர் தேவைப்பட்ட கணினிகளும் உண்டு. 2022 அக்டோபர் 1 அன்று முடிந்த வாக்கெடுப்பில், ஐந்தாவது அம்சத்தோடு ஒரு வாக்கியம் சேர்க்கப்பட்டது: வன்பொருளுக்குத் தேவையான ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ ஊடகத்தில் சேர்க்கலாம். எந்த ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டது என்பதைப் பயனருக்குத் தெரிவிக்க வேண்டும், வேண்டாதவர் தவிர்க்க வழி இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் தீர்மானத்தில் இருந்தன. 2023 ஜூன் 10 அன்று வெளிவந்த டெபியன் 12 இதன்படி அமைந்த முதல் பதிப்பு. 1.2 என்ற எண்ணுள்ள வாசகமே இப்போது நடப்பில் உள்ளது.

டெபியனை அடித்தளமாகக் கொண்டு பிறர் தங்கள் தொகுப்புகளைக் கட்டணமின்றி உருவாக்கிக்கொள்ளலாம் என்பதும் நான்காவது அம்சத்தின் வாக்குறுதி. 2004இல் தொடங்கிய உபுண்டு அப்படி வந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்த வழியில் வந்ததே.

இப்போது டெபியனுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வாதம் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பற்றியது. கட்டற்ற உரிமத்தில் ஒரு மாதிரி வெளியிடப்பட்டாலும், அதைப் பயிற்றுவித்த தரவு கிடைக்காதபோது மூல நிரல் இருப்பதாகக் கொள்ளலாமா என்பதே கேள்வி. பயிற்சித் தரவும் வேண்டும் என்பவர்களும் மாதிரியே போதும் என்பவர்களும், 1997இல் எழுதப்பட்ட அதே நெறிகளை எடுத்து வைத்துக்கொண்டுதான் வாதிடுகிறார்கள்.