பெஞ்சை விட்டு எழாமலே பல்கலைக்கழகம் மாறியவர்கள்

சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ரெண்டாம் வருஷத்தோடு சிவகாசியிலிருந்து மதுரைக் கல்லூரிக்கு மாறணும்னு கேட்டான். "எழுதின பேப்பர் எல்லாம் செல்லுமா மாமா?"

நம்ம பக்கம் மாணவனைவிட அதிகமா இடம் மாறினது பல்கலைக்கழகம்தான். விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-ல் வந்தது. 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடார், சிவகாசியில் 1963-ல் கல்லூரி தொடங்கினார். (அவரிடம் யாரும் மைக்ரேஷன் சர்ட்டிஃபிகேட் கேட்கலை.) ரெண்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை, 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் அங்கே போயின.

இன்ஜினியரிங் கல்லூரிகள் 2001-க்குப் பிறகு அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போயின. என் டிகிரி காமராசர் பல்கலைக்கழகம். அதே கல்லூரி, அதே லேபில் பின்னால் படித்த தம்பிக்கு அண்ணா. எங்க பேட்ச் பழைய சிலபஸிலேயே முடித்து வெளியே வந்தது, ஒரு பேப்பரும் வீணாகலை.

கூட்டமா மாறினால் இந்தப் பாதுகாப்பு உண்டு. தனியா மாறுகிறவனுக்குக் கிடையாது. தன்னாட்சிக் கல்லூரிகளில் சிலபஸ் தனித்தனி; விடுபட்டதைச் சேர்த்து எழுதணும். 2021-ல் யுஜிசி கொண்டுவந்த கிரெடிட் வங்கியும் கணக்கைத்தான் வைத்திருக்கும், அதிகபட்சம் 7 வருஷம். எதை ஏற்பது என்பது போய்ச் சேருகிற இடத்தின் முடிவு.

அதனால அவனிடம் சொன்னேன்: டி.சி.யில் கை வைக்காதே. முதலில் சிலபஸை எடுத்துட்டு மதுரைக்குப் போ, எந்தெந்தப் பேப்பர் சேரும்னு எழுத்தில் வாங்கிட்டு வா.