புலிபோனு என்னும் சாட்சி

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் கூடாரமிட்டுச் சில நாள் தங்கித் திரும்பிய நண்பர் ஒருவர் திருச்சானூரில் என் அறைக்கு வந்திருந்தார். படங்களையெல்லாம் காட்டி முடித்தபின், "உங்கள் பக்கத்தில் இப்படியொரு சஃபாரி உண்டா?" என்று கேட்டார். சாளரத்தின் வழியே சேஷாசல மலை தெரிந்துகொண்டிருந்தது. அன்று நான் சொல்லாமல் விட்ட விடை இது.

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். 'சஃபாரி' சுவாகிலிச் சொல். பயணம் என்பதே அதன் பொருள். அரபியின் 'சஃபர்' அதன் வேர். அதே வேர் தமிழுக்கும் வந்துள்ளது. கடல் கடந்து பொருளீட்டச் செல்பவரைத் தமிழ் முஸ்லிம்கள் 'சபராளி' என்பர். ஆக, சொல்லளவில் சஃபாரியில் வேட்டையும் இல்லை, விலங்கும் இல்லை. காலனியக் காலத்து வேட்டைக் குழுக்களின் நெடும்பயணங்களே அச்சொல்லுக்கு விலங்கு வாசனையை ஏற்றின.

நண்பர் தங்கிய முகாமின் பெயர் ஸ்குகுசா. 1902இல் சாபி வேட்டைக் காப்பகத்தின் காப்பாளராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்கு, அங்கு வாழ்ந்த சோங்கா மக்கள் இட்ட பெயர் அது. 'துடைத்தெறிபவன்' என்றும் 'தலைகீழாகப் புரட்டிப் போடுபவன்' என்றும் அதற்குப் பொருள் கூறுவர். காப்பகத்துக்குள் குடியிருந்தவர்களை அவர் வெளியேற்றியதன் நினைவு அதில் தங்கியிருக்கிறது. 1926இல் அது குரூகர் தேசியப் பூங்காவாயிற்று. 1927இல் முதல் சுற்றுலாப் பயணிகள் மூன்று மகிழுந்துகளில் வந்தனர். 1936இல் தலைமை முகாமுக்கே 'ஸ்குகுசா' என்று பெயரிட்டனர். வெளியேற்றப்பட்டவர்களின் கசப்புச்சொல், வரவேற்புப் பலகையில் ஏறியது. பூங்காவின் வடபகுதியிலிருந்து 1969இல் அகற்றப்பட்ட மகுலேகே மக்கள் தம் நிலத்துரிமையை மீட்க 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வடவெல்லையாக வைத்த வேங்கடம், சங்கப் பாடல்களில் யானைக் காடு. அகநானூற்றின் 83ஆம் பாடலில் கல்லாடனார் ஒரு காட்சியைத் தருகிறார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட யானைக்கன்றை மரநாரால் கட்டிக் கொணர்ந்து, கள் விற்கும் வீட்டின் வாயிலில் பிணிக்கிறார்கள் புல்லியின் இளைஞர்கள். வேங்கடக் காட்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று, காட்டிலிருந்து ஓர் உயிர் அகற்றப்படும் சித்திரமாக இருப்பது கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் சித்தூர்க் காடுகளில் யானையே இல்லாமற் போயிற்று. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1980களில், அவை தமிழகக் காடுகளிலிருந்து மீண்டும் வந்தன. அவற்றுக்காகவே 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது.

காட்டில் முகாமிட்டுத் தங்கியதை எழுத்தில் விரிவாகப் பதிந்தவர் பெங்களூரு வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). 1954இல் வெளியான அவருடைய முதல் நூலில் சாமலா பள்ளத்தாக்கின் ஆட்கொல்லிப் புலியைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அப்பள்ளத்தாக்கு திருப்பதிக்கு மேற்கே உள்ளது. நாகபட்லா, புலிபோனு, உம்பலமேரு என்று அவர் நடந்த இடங்களின் பெயர்கள் ஆங்கில நூல் வழியே உலகுக்குச் சென்றன.

இவற்றுள் என்னை நிறுத்திய பெயர் 'புலிபோனு'. தெலுங்கில் 'போனு' என்றால் பொறி, கூண்டு. ஆண்டர்சன் துப்பாக்கியோடு வருவதற்கு முன்பே அங்கே யாரோ புலிக்குப் பொறி வைத்திருக்கிறார்கள் என்பதை அப்பெயரே சொல்கிறது. வைத்தவர் யார், எப்போது வைத்தார் என்பதற்கு ஏடு எதுவும் என் கைக்கு எட்டவில்லை. எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே. நீதிமன்றத்தில் சாட்சி ஏறி நிற்கும் கூண்டுக்கும் தெலுங்கில் 'போனு' என்றே பெயர். தமிழிலும் 'சாட்சிக் கூண்டு' என்கிறோம்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989இல் இம்மலை ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாயிற்று. துப்பாக்கி போயிற்று, நடப்பவர்கள் போகவில்லை. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் பாதை அந்தக் காட்டின் ஊடேதான் செல்கிறது. 2023 ஆகஸ்டில் அப்பாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் சிறுவர்களுடன் ஏறுவோருக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. நடப்போர் கையில் தடி தரப்பட்டது. சிறுத்தைகளைப் பிடிக்கக் கூண்டுகள் வைக்கப்பட்டன. பழைய சொல் மீண்டும் வேலைக்கு வந்தது.

நண்பரின் கேள்விக்கு என் விடை இதுதான்: உண்டு. 'யாத்திரை' என்றாலும் பயணமே. காசு கொடுத்து வாகனத்தில் அமர்ந்து விலங்கைத் தேடுவது ஒன்று. வெறுங்காலோடு அதன் வீட்டைக் கடந்து போவது மற்றொன்று. இரண்டு காடுகளிலும் நாம் தங்கவும் நடக்கவும் கிடைத்த இடம், யாரோ அகற்றப்பட்டதால் கிடைத்த இடம். அங்கே மக்கள், இங்கே யானையும் புலியும். அகற்றியதை ஆவணங்கள் பல வேளைகளில் பதிவதில்லை. இடப்பெயர்கள் பதிந்து வைக்கின்றன. வரைபடத்தில் எழுத்துப்பிழையோடு நிற்கும் ஒரு காட்டுப் பெயரைத் திருத்துவதற்கு முன், அது யாருக்காகச் சாட்சி சொல்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.