கெட்ட காலத்துப் பண்டிகையும் லயத்து வீடும்

கெடா மாநிலத்துக் கித்தா (ரப்பர்) தோட்டங்களில் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் கெட்ட காலங்களிலும் விட்டுப்போகாமல் வந்ததற்குக் கோயிலைக் காரணமாகச் சொல்வது நம் விழா மலர்களின் வழக்கம். கோயிலின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் தோட்ட வாழ்க்கை அமைந்திருந்த விதத்தைப் பார்த்தால், பண்டிகையின் பாரத்தை முதலில் சுமந்தது, தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீடுதான் என்று கொள்ள வேண்டியிருக்கிறது. கோயிலும் குருவும் இருந்தது சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் போன்ற பட்டணங்களில். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் குடும்பத்துக்கு அது எளிதில் கடக்கும் தூரமல்ல. குருவானவர் தோட்டத்துக்கு வரும் நாள் போக மற்ற நாட்களில் கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலையும், லுத்தரன், மெதடிஸ்ட் வீடுகளில் குடும்ப ஜெபமும்தான் துணை. நல்ல காலத்திலேயே வீட்டை நம்பிப் பழகிய சமூகம் அது. அதனால்தான் கோயில் எட்டாமற்போன ஆண்டுகளிலும் பண்டிகை நின்றுவிடவில்லை.

1941 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். 8-ஆம் தேதி தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பில் ஜித்ரா அரண் 13-ஆம் தேதிக்குள் சரிந்தது. 19-ஆம் தேதி பினாங்கும் வீழ்ந்தது. கிறிஸ்துமஸ் வந்தபோது தொரைமார் (வெள்ளைக்கார மேலாளர்கள்) தெற்கே போய்விட்டிருந்தார்கள். கூலிக்கு உத்தரவாதம் சொல்ல ஆளில்லை. அதன்பின் வந்த கிறிஸ்துமஸ்கள் அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு தின்ற, உடுத்தத் துணி கிடைக்காத காலத்தில் வந்தன. 1943-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பாதை வேலை முடிந்தது. கெடா மாநிலமும் சயாம் ஆட்சிக்குக் கைமாறியது. பாதை வேலைக்குப் போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவேயில்லை. அந்த டிசம்பரில் புதுத் துணிக்கும் பலகாரத்துக்கும் வழியற்ற ஒரு வீட்டில் பண்டிகை என்று எது மிஞ்சியிருக்க முடியும்? கூடி உட்கார்ந்து செய்யும் ஜெபமும், வராதவரின் பெயரைச் சொல்லும் வேண்டுதலும்தான். அந்தச் சிறிய மிச்சத்தையே நான் பண்டிகையின் உயிர் என்கிறேன்.

இழவு விழுந்த வீட்டில் பண்டிகை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சாவு நடந்த ஆண்டில் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது தமிழர் வழக்கம். கிறிஸ்தவரும் அதை விட்டுவிடவில்லை. ஆனால் அந்த வழக்கம் விலக்குவது ஆரவாரத்தை, வழிபாட்டை அன்று. திருச்சபையின் நாட்காட்டியோ துக்கத்தை விழாவுக்குள்ளேயே வைத்திருக்கிறது. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். டிசம்பர் 28, ஏரோது கொன்ற மாசற்ற குழந்தைகளின் நாள். 1955-இல் அதே 28-ஆம் தேதி, இதே கெடாவின் பாலிங்கில், ஒரு பள்ளிக்கூடத்தில் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கும் அமைதிப் பேச்சுக்கு உட்கார்ந்தார்கள். பேச்சு மறுநாளே முறிந்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலம் 1960 வரை நீடித்தது. லயங்கள் பல முள்வேலிக்குள் அடைக்கப்பட்டு, அரிசிக்கும் கட்டுப்பாடு இருந்த அந்த ஆண்டுகளில், ஊரடங்கு விதித்த இடங்களிலிருந்து நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படுவது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமா? கொண்டாட்டம் வீட்டுக்குள்தான் நடந்தாக வேண்டியிருந்தது.

இதைவிடக் கடுமையான மறுப்பு கடனைப் பற்றியது. பண்டிகையின் பெயரில் கடையில் பற்று ஏறும், வாங்கிய முன்பணம் மாதாமாதம் கூலியில் பிடிபடும், மிச்சம் கள்ளுக்கடையில் கரையும்; ஏழைக்குப் பண்டிகை ஒரு பொறி என்பார்கள். தோட்டத்து மக்களே இதற்கு ஒரு பதில் தந்திருக்கிறார்கள். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பீடோங் பகுதி ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி முன்னின்று நடத்திய தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராக மறியல் செய்தது. குடும்பத்தைக் குடைவது பண்டிகையல்ல, கள்ளே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மறுப்பின் மறுபாதியை, அதாவது கூலி போதாமையை, நான் ஏற்கிறேன். தவக்காலம் பெரும்பாலும் கித்தா மரம் இலை உதிர்த்துப் பால் குறையும் மாதங்களில் வருகிறது. பால் குறைந்தால் கூலியும் குறையும். அந்த நாட்களில் நோன்பு எது, இல்லாமை எது என்று பிரித்துச் சொல்வது கடினம். லயத்து வீட்டின் பொறுமையைப் புகழ்கிற நாம், அந்தப் புகழால் குறைந்த கூலியை மறைத்துவிடலாகாது.

2020 மார்ச் 18-இல் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, ஏப்ரல் 12-இல் ஈஸ்டர் வந்தபோது கோயில்கள் பூட்டிக் கிடந்தன. இது வரலாறு காணாதது என்றார்கள். பட்டணத்துக்கு அப்படி இருக்கலாம்; கெடாத் தமிழ்க் கிறிஸ்தவருக்கு வீட்டுப் பண்டிகை புதிதல்ல. சாதாரண ஆண்டுகளிலும் இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். பெரிய வெள்ளி தானாகவே ஓய்வு நாளாகிவிடும், உயிர்ப்பு ஞாயிறோ பள்ளி நாள், வேலை நாள். நாட்காட்டியோடு இப்படி ஒத்துப்போவது குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் பழக்கம். ஆனால் அந்தக் குடும்பமே இன்று எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன, பிள்ளைகள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும், பெற்றோர் தனியே. லயத்து வீடு இரத்த உறவால் மட்டும் நின்றதில்லை என்பதை இங்கே நினைக்க வேண்டும். ஒரே சுவரைப் பங்கிட்ட இந்து வீட்டிலிருந்து தீபாவளிக்கு முறுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து அதிரசம் போகும். தகப்பன் சயாமுக்குப் போன வீட்டுப் பிள்ளைக்கும் அந்தச் சுவருக்கு அப்பால் ஆட்கள் இருந்தார்கள். அந்தச் சுவர் இடிந்துவிட்ட பிறகு, அதன் வேலையை அன்பியங்கள் என்னும் அக்கம்பக்கக் குழுக்களும் சபைகளும் எடுத்துக்கொள்வதுதான் முறை. குடிலுக்கும் அலங்காரத்துக்கும் பணம் ஒதுக்கும் விழாக் குழு, தனித்திருக்கும் எந்த முதியவர் வீட்டில் அன்று யார் போய்ச் சாப்பிட உட்காருவது என்பதையும் அதே கூட்டத்தில், பெயர் சொல்லி முடிவு செய்யட்டும்.