கட்டும் கருவியைத் தேர்ந்த கதை

பெரிய மென்பொருள் ஒன்று பல்லாயிரம் கோப்புகளாக எழுதப்படுவது. அவற்றைப் பொறிமொழிக்கு மாற்றி, முறைப்படி இணைத்து, இயங்கும் பொருளாக்கும் வேலையைக் கையால் செய்து மாளாது. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பார் இதற்கென 'மேக்' என்னும் கருவியைச் செய்தார். எது எதனைச் சார்ந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டால், மாறிய கோப்பையும் அதனைச் சார்ந்தவற்றையும் மட்டும் அது மீண்டும் ஆக்கும். ஆனால் யூனிக்சுக்கென எழுதிய விதிகள் விண்டோசில் அப்படியே செல்லுபடியாகா. இந்த இடர்ப்பாடு கே.டி.இ. திட்டத்தாரை எவ்வாறு அலைக்கழித்தது என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

1996-இல் மத்தியாஸ் எட்ரிச் என்னும் ஜெர்மானிய மாணவர் தொடங்கிய திட்டம் அது. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். அவர்கள் நெடுங்காலம் கையாண்டது 'ஆட்டோடூல்ஸ்' என்னும் கருவித் தொகுதி. யூனிக்ஸ் வகைகளுக்கு அது ஏற்றதே. ஆயினும் அதன் உட்சூட்சுமம் விளங்கியவர் மிகச் சிலர். (பள்ளியில் கால அட்டவணை போடத் தெரிந்த ஆசிரியர் ஒருவரே இருந்து, அவரும் விடுப்பில் சென்றால் தலைமையாசிரியன் படும் பாட்டை நான் அறிவேன்!) நான்காம் பதிப்பை விண்டோசிலும் மாக்கிலும் இயக்க எண்ணியபோது, பழங்கருவி உதவாது என்பது தெளிவாயிற்று.

2005-இல் ஸ்பெயின் நாட்டு மாலகா நகரில் கூடிய மாநாட்டில், பைத்தான் மொழியில் அமைந்த 'ஸ்கான்ஸ்' என்பதைத் தேர்ந்தனர். மாதங்கள் கழிந்தன, வேலை முற்றுப்பெறவில்லை. இத்துணைப் பெரிய திட்டத்துக்கு ஏற்ப அக்கருவியையே திருத்த வேண்டியதாயிற்று. 2006-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அலெக்சாண்டர் நாய்ண்டார்ஃப் முதலியோர் 'சீமேக்' என்பதைக் கொண்டு முயன்றனர். விரைவிலேயே பலன் தெரிந்தது. மாதக்கணக்கான உழைப்பை ஒதுக்கி, மாநாட்டில் எடுத்த முடிவை மாற்றுவது எளிதன்று. ஊதியமின்றி உழைத்தோர் மனம் நோகும். எனினும் மாற்றினர். அது சரியென்றே எனக்குப் படுகிறது.

சீமேக், மருத்துவப் படங்களை ஆராயும் ஐ.டி.கே. என்னும் மென்பொருளுக்காக, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பொருளுதவியோடு கிட்வேர் நிறுவனத்தார் ஆக்கியது. அது தானே நிரலைக் கட்டுவதில்லை. யூனிக்சில் மேக் கோப்புகளையும், விண்டோசில் விசுவல் ஸ்டுடியோ கோப்புகளையும், மாக்கில் எக்ஸ்கோட் கோப்புகளையும் எழுதித் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன் மொழி கரடுமுரடானது. பைத்தான் கற்றவர் முகஞ்சுளிப்பர். 2008 சனவரியில் வெளிவந்த கே.டி.இ. 4.0 அதனைக் கொண்டே கட்டப்பட்டது. ஸ்கான்ஸ் வேலையில் ஈடுபட்டிருந்த தாமஸ் நாகி, பின்னர் 'வாஃப்' என்னும் தனிக் கருவியொன்றை ஆக்கினார்.